சாதாரண எஸ்ஐபி ஃபோனை நேராக ஸ்கைப் ஃபார் பிசினஸ் சர்வரில் சேர்க்க முடியுமா?

கிடங்கு_கம்பி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் நிறுவனத்தில் ஸ்கைப் ஃபார் பிசினஸ் சர்வர் 2019 (மைக்ரோசாஃப்டின் அழைப்பு, அரட்டை சர்வர்), சொந்த சர்வர் அறையிலேயே ஓடுகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கம்ப்யூட்டரில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொள்கிறார்கள். கிடங்கிலும் உற்பத்திக் கூடத்திலும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கிடையாது. அங்கே தூண்களில் மாட்டிய சாதாரண எஸ்ஐபி (நெட்வொர்க் வழியாக அழைப்பை அமைக்கும் நெறிமுறை) ஃபோன்கள்தான், நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் நல்ல நிலையில் உள்ளன. இதுவரை அவை ஒரு பழைய பிபிஎக்ஸில் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) இருந்தன, அந்தப் பெட்டியை எடுத்துவிடப் போகிறோம். ஃபோன்களை நேராக சர்வரில் சேர்க்க வேண்டும், நடுவில் இன்னொரு பெட்டி கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. ஃபோன் விற்றவரும் "ரெண்டும் எஸ்ஐபிதானே, சர்வர் ஐபியை மாத்துனா போதும்" என்று சொல்லிவிட்டார்.

மாற்றிப் பார்த்தேன். யுடிபி 5060-இல் அனுப்பினால் பதிலே இல்லை. டிசிபி 5060 என்றால் இணைப்பு மறுக்கப்படுகிறது. டிஎல்எஸ் 5061 போட்டதும் சான்றிதழ் பிழை வந்தது. சான்றிதழ் வழங்கும் எங்கள் உள் சிஏ-வின் ரூட் சான்றிதழை ஃபோனில் ஏற்றியதும் அது தீர்ந்தது. இப்போது ஃபோன் தன்னைப் பதிவுசெய்யக் கேட்கும் ரிஜிஸ்டர் கோரிக்கை போகிறது, 401 திரும்பி வருகிறது, அதோடு ஃபோன் நின்றுவிடுகிறது. ஆக்டிவ் டைரக்டரியில் கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தேன். பயனர் பெயரை முழு முகவரியாகவும், டொமைன் பெயரை முன்னால் சேர்த்தும் போட்டுப் பார்த்தேன். அதே 401.

பயனர் பெயரை எந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும்? அல்லது சர்வரில் டைஜெஸ்ட் அங்கீகாரத்தை (கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாமல் அதிலிருந்து கணக்கிட்ட விடையை அனுப்பும் முறை) எங்காவது இயக்க வேண்டுமா? இந்த ஃபோன்கள் ஓடவில்லை என்றால் கிடங்கில் ஒருவருக்கு அடிபட்டால்கூட யாரையும் கூப்பிட வழியில்லை. அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

---

மணியோசை எழுதியது:

முதலில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள். உங்கள் கடவுச்சொல் இன்னும் சர்வர் வரைக்கும் போகவே இல்லை.

இதை நீங்களே பார்க்கலாம். ஃபோன் ரிஜிஸ்டர் ஆக முயலும் நேரத்தில் சர்வரில் லாக் எடுத்து ஸ்னூப்பரில் (அந்த லாகைப் படிக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) திறங்கள். ஃபோனிடமிருந்து ஒரு ரிஜிஸ்டர் இருக்கும், சர்வரிடமிருந்து ஒரு 401 இருக்கும். அந்த 401-க்குள் டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதென்டிகேட் என்று தொடங்கும் தலைப்பு வரிகளைத் தேடுங்கள். என்டிஎல்எம், கெர்பரோஸ், டிஎல்எஸ்-டிஎஸ்கே என்று அங்கீகார முறைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ரெல்ம் என்ற இடத்தில் எஸ்ஐபி கம்யூனிகேஷன்ஸ் சர்வீஸ் என்று எழுதியிருக்கும். டைஜெஸ்ட் என்ற சொல் எங்கும் இருக்காது. அதற்குப் பிறகு ஃபோனிடமிருந்து இரண்டாவது ரிஜிஸ்டரும் இருக்காது.

எஸ்ஐபியில் 401 என்பது தோல்வி இல்லை. 'நீ யார் என்று நிரூபி, இந்த இந்த முறைகளில் நிரூபிக்கலாம்' என்று சர்வர் கேட்பதுதான் 401. ஆஸ்டரிஸ்க் (திறமூல பிபிஎக்ஸ் மென்பொருள்) போன்ற எந்த பிபிஎக்ஸிலும் இதே 401 வரும், ஃபோன் டைஜெஸ்ட் கணக்கைப் போட்டு இரண்டாவது ரிஜிஸ்டரை அனுப்பும், 200, அதாவது 'சரி' என்ற பதில் கிடைக்கும். உங்கள் ஃபோன் கேள்வியைப் படித்துப் பார்த்தது, தனக்குத் தெரிந்த முறை எதுவும் அதில் இல்லை, நின்றுவிட்டது. இங்கே சாவி பொருந்தவில்லை என்ற பேச்சே இல்லை, அந்தக் கதவில் உங்கள் சாவிக்கான துவாரமே கிடையாது. திரையில் மட்டும் ஏதோ கடவுச்சொல் தப்பு என்பதுபோலக் காட்டும். அதை நம்பித்தான் பலரும் நாள்கணக்கில் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சர்வரில் டைஜெஸ்டை இயக்கலாமா என்று கேட்டீர்கள். சர்வருக்கு டைஜெஸ்ட் தெரியும். ஆனால் வெளியாட்கள் கான்ஃபரன்ஸ் சாவியை வைத்துக்கொண்டு விருந்தினராகக் கூட்டத்தில் நுழையும்போது மட்டும்தான் அதைப் பயன்படுத்தும். ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள ஒரு பயனர் டைஜெஸ்ட் மூலம் ரிஜிஸ்டர் ஆக வழி வைக்கவில்லை. அதற்கான டிக் பெட்டி எந்தத் திரையிலும் இல்லை, பவர்ஷெல்லிலும் இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒருவேளை அந்த இடத்தை எப்படியோ தாண்டினாலும் வேலை முடியாது. இந்த சர்வர் உள்ளே நுழையும்போது மட்டும் அடையாளம் கேட்டு விட்டுவிடுவதில்லை. அதன்பிறகு வரும் செய்திகளிலும் கையொப்பம் எதிர்பார்க்கும். அந்தக் கையொப்பம் எப்படிப் போடுவது என்பதை மைக்ரோசாஃப்ட் தன் எஸ்ஐபி அங்கீகார நீட்டிப்பு ஆவணத்தில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அதைப் பின்பற்றித்தான் பிட்ஜின் என்ற அரட்டைச் செயலிக்கான சைப் என்ற திறமூல பிளகின் இந்த சர்வரோடு பேசுகிறது. அதாவது முடியாத காரியம் இல்லை. ஃபோனின் ஃபர்ம்வேரில் யாராவது எழுதியிருக்க வேண்டும். ஸ்கைப் ஃபார் பிசினஸுக்கெனச் சான்று பெற்ற ஃபோன்களின் ஃபர்ம்வேரில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள், அவற்றை டிஎச்சிபி (நெட்வொர்க் முகவரி தரும் சேவை) ஆப்ஷன் 43, 120 கொடுத்து பின் எண்ணிலேயே உள்ளே விட்டுவிடலாம். ஆகவே உங்கள் ஃபோன் மாடலுக்கு அப்படி ஒரு ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்த இழை இத்தோடு முடிந்தது.

இல்லை என்றால், மேலாளர் வேண்டாம் என்று சொன்ன அந்த நடுப்பெட்டிதான் சரியான வழி. இதைத் தயங்காமல் சொல்கிறேன். ஆஸ்டரிஸ்க் ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் நிறுவுங்கள். ஃபோன்கள் எல்லாம் அதில் டைஜெஸ்ட் மூலம் ரிஜிஸ்டர் ஆகட்டும். ஆஸ்டரிஸ்கிலிருந்து மீடியேஷன் சர்வருக்கு (ஸ்கைப் சர்வரில் வெளி ஃபோன் அமைப்புகளோடு பேசும் பகுதி) ஒரு டிரங்க், அதாவது இரண்டு அமைப்புகளுக்கிடையேயான அழைப்புப் பாதை. டிரங்க் பக்கம் பயனர் அங்கீகாரம் என்ற பேச்சே எழாது. டோபாலஜி பில்டரில் (சர்வர்களின் அமைப்பை வரையறுக்கும் கருவி) அந்தப் பெட்டியை பிஎஸ்டிஎன் (பொதுத் தொலைபேசி) கேட்வேயாகச் சேர்த்துப் பப்ளிஷ் செய்தால் போதும், சர்வர் அதை நம்பும். மீடியேஷன் சர்வர் டிஎல்எஸ்ஸுக்கு 5067, டிசிபிக்கு 5068 போர்ட்டில் கேட்கும். டிசிபி தானாக இயங்காது, டோபாலஜியில் அதற்கென டிக் போட வேண்டும். யுடிபி இந்தப் பக்கமும் கிடையாது. ஆஸ்டரிஸ்கில் டிசிபி டிரான்ஸ்போர்ட் ஒன்றைத் தனியாக எழுத மறந்துவிட்டு, ஏன் ஆப்ஷன்ஸ் என்ற சோதனைச் செய்திக்குப் பதில் வரவில்லை என்று கேட்டு இங்கேயே பழைய இழைகள் கிடக்கின்றன.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பெரும்பாலும் சேன்_சிப் (ஆஸ்டரிஸ்கின் பழைய எஸ்ஐபி பகுதி) காலத்தவை. ஆஸ்டரிஸ்க் 21-இல் அதை எடுத்தேவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த பிஜேசிப்பில் எழுதுங்கள்: ஒரு டிரான்ஸ்போர்ட், ஒரு எண்ட்பாயிண்ட், மீடியேஷன் சர்வரின் முகவரியும் 5068 போர்ட்டும் கொண்ட ஏஓஆர் (அழைப்பை எங்கே அனுப்புவது என்ற பதிவு), அந்த ஐபியை அடையாளம் காட்டும் ஐடென்டிஃபை பகுதி. கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஜி.711-இன் இரண்டு வகைகளை மட்டும் வையுங்கள். மீடியேஷன் சர்வருக்கு ஜி.729 தெரியாது.

சர்வர் பக்கம் டிரங்க் அமைப்பில் இரண்டைக் கவனியுங்கள். எஸ்ஆர்டிபி (குரல் மறையாக்கம்) கட்டாயம் என்றுதான் இயல்பாக இருக்கும். டிசிபியில் பேசும் டிரங்குக்கு அதை ஆப்ஷனல் ஆக்க வேண்டியிருக்கும். ரெஃபர் (அழைப்பை மாற்றிவிடும் செய்தி) ஆதரவு இயல்பாக இயங்கும் நிலையில் இருக்கும். அழைப்பை மாற்றிவிடும்போது கோளாறு வந்தால் அதை அணைத்துவிடுங்கள். இரண்டையும் இந்த ஒரு டிரங்குக்கு மட்டும் செய்யுங்கள். முழு நிறுவனத்துக்குமான அமைப்பில் கை வைக்காதீர்கள். கிடங்கு ஃபோனுக்காக மற்ற கேட்வேக்களின் மறையாக்கத்தைத் தளர்த்துவது நியாயம் இல்லை.

---

ரேக்_ஓரம் எழுதியது:

மணியோசை சொன்னது இந்த சர்வருக்கு முழுக்க சரி. பின்னால் படிக்க வருபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன்: எல்லா நிறுவன சர்வர்களும் இப்படி இல்லை. நான் பார்த்துக்கொள்வது சிஸ்கோ கால் மேனேஜர். அதில் மூன்றாம் தரப்பு எஸ்ஐபி சாதனம் என்றே தனி வகை உண்டு. பேசிக் என்றால் ஒரு லைன், அட்வான்ஸ்டு என்றால் எட்டு லைன். யுடிபியிலேயே நேராக ரிஜிஸ்டர் ஆகும்.

அங்கே மேக் முகவரிக்கு மதிப்பில்லை; வேறெதிலும் வராத ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஃபோன் அதை அனுப்புவதே இல்லை என்பதால் டைஜெஸ்ட் பயனர் பெயரை வைத்துத்தான் இது எந்தச் சாதனம் என்று சர்வர் கண்டுபிடிக்கும். ஆகவே சர்வரில் அந்த ஃபோனுக்கான அமைப்புப் பக்கத்தில் டைஜெஸ்ட் யூசர் என்ற இடத்தைக் காலியாக விடக் கூடாது. அதைவிட முக்கியம், ஃபோன் செக்யூரிட்டி புரொஃபைலில் டைஜெஸ்ட் அங்கீகாரத்துக்கு டிக் போட வேண்டும். அந்த டிக் இல்லாவிட்டாலும் ஃபோன் ரிஜிஸ்டர் ஆகிவிடும், கடவுச்சொல்லே கேட்காமல். வேலை செய்கிறதே என்று அப்படியே விட்டுவிடும் இடங்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். பயனர் பெயர் தெரிந்த யார் வேண்டுமானாலும் உங்கள் எண்ணில் உட்கார்ந்துகொள்ளலாம்.

---

கிடங்கு_கம்பி எழுதியது:

மணியோசை அண்ணா, ரொம்ப நன்றி. ஸ்னூப்பரில் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான்: மூன்று வரிகள், அவற்றில் டைஜெஸ்ட் இல்லை, ஃபோனிடமிருந்து இரண்டாவது ரிஜிஸ்டர் இல்லை. அந்தத் திரையை அப்படியே மேலாளரிடம் காட்டினேன். நடுப்பெட்டிக்கு ஒப்புக்கொண்டார். என் மாடலுக்கு ஸ்கைப் ஃபர்ம்வேர் கிடையாது என்பதையும் உறுதிசெய்துகொண்டேன்.

ஆஸ்டரிஸ்க் நிறுவி டிரங்க் போட்டாயிற்று. கிடங்கு ஃபோனிலிருந்து அலுவலகத்துக்கு அழைப்பு போகிறது, இரண்டு பக்கமும் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அரை நிமிடம் பேசினால் தானாகத் துண்டித்துவிடுகிறது. எல்லா அழைப்பும் இல்லை, ஆனால் நிறைய.

இன்னொரு சந்தேகம். கிடங்கு மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் கணக்கு இருக்கிறது. அவருடைய எண்ணைக் கூப்பிட்டால் கம்ப்யூட்டரிலும் தூண் ஃபோனிலும் சேர்ந்து மணி அடிக்க வேண்டும். அவர் தூண் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு 'அழைப்பில் இருக்கிறார்' என்று சிவப்பு காட்ட வேண்டும். இரண்டும் முடியுமா?

---

மணியோசை எழுதியது:

அரை நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிகாரம் வைத்துப் பாருங்கள். 30-ஆ 32-ஆ என்பதைப் பொறுத்து மருந்து வேறு.

32 நொடி என்றால் எஸ்ஐபியின் சொந்தக் கணக்கு. அழைப்பை எடுத்த பக்கம் 200 அனுப்பிவிட்டு ஏசிகே ('கிடைத்தது' என்ற ஒப்புதல்) வரக் காத்திருக்கும். வராவிட்டால் திரும்பத் திரும்ப 200 அனுப்பும். எஸ்ஐபியின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 3261-இல் டி1 என்ற அடிப்படை நேரம் 500 மில்லி நொடி. அதன் 64 மடங்கு, அதாவது 32 நொடி முடிந்ததும் வெறுத்துப்போய் அழைப்பை முறித்துவிடும். குரல் வேறு வழியாகப் போவதால் அதுவரை நன்றாகவே கேட்கும், அதனால்தான் இது ஆளைக் குழப்புகிறது. லாகில் ஒரே 200 பலமுறை வரிசையாகத் தெரிந்தால் இதுதான். பெரும்பாலும் கான்டாக்ட் தலைப்பில் எட்ட முடியாத முகவரி இருக்கும்: ஆஸ்டரிஸ்க் மெஷினுக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்து தவறான கார்டின் ஐபியைச் சொல்லியிருக்கும், அல்லது பெயரைச் சொல்லியிருக்கும், அந்தப் பெயர் டிஎன்எஸ்ஸில் இருக்காது.

30 நொடியை ஒட்டி விழுகிறது என்றால் மீடியேஷன் சர்வரின் வேலை. டிரங்க் அமைப்பில் ஆர்டிசிபி ஆக்டிவ் கால்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும் நிலையில் இருந்தால், 30 நொடிக்கு மேல் ஆர்டிசிபி (குரலோடு கூடவே போகும் நிலை அறிக்கை) பாக்கெட் வராத அழைப்பைச் செத்துப்போனதாக எண்ணி சர்வர் முறித்துவிடலாம். ஹோல்டில் இருக்கும் அழைப்புக்கும் இதேபோல் இன்னொன்று உண்டு.

உங்களுக்கு எல்லா அழைப்பும் விழவில்லை என்பதால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். சில ஃபோன் மாடல்களில் ஆர்டிசிபி அணைந்தே வரும். ஆஸ்டரிஸ்க் குரலைத் தன் வழியாக அனுப்பினால் ஆர்டிசிபியையும் அதுவே உருவாக்கும். டைரக்ட் மீடியா இயங்கிக்கொண்டிருந்தால் ஃபோனும் மீடியேஷனும் நேராகப் பேச ஆரம்பிக்கும், அப்போது ஃபோன் அனுப்பினால்தான் உண்டு. முதலில் எண்ட்பாயிண்டில் டைரக்ட் மீடியாவை அணையுங்கள். டிரங்க் எண்ட்பாயிண்டிலும், ஃபோன் எண்ட்பாயிண்ட்களிலும். அப்படியும் விழுந்தால் மட்டும் ஆர்டிசிபி சோதனையை அந்த டிரங்கில் அணைத்துவிட்டு, அதற்குப் பதிலாக, அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கும் செஷன் டைமரை இயக்குங்கள். இரண்டையும் அணைத்துவிட்டால், ஒரு ஃபோனின் கேபிளைப் பிடுங்கினால்கூட அழைப்பு முடிந்ததே சர்வருக்குத் தெரியாது. லைன் தொங்கிக்கொண்டே இருக்கும்.

மேற்பார்வையாளர் விஷயம். மணி சேர்ந்து அடிப்பது முடியும். அவருடைய ஸ்கைப் அமைப்பில் ஒரே நேரத்தில் மணி அடிக்கும் எண்ணாகத் தூண் ஃபோனின் எண்ணைக் கொடுங்கள். அப்புறம் ஆஸ்டரிஸ்கில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு வாய்ஸ்மெயிலை நீக்கிவிடுங்கள். இதை மறக்காதீர்கள். தூண் ஃபோன் பிஸியாக இருந்தால் ஆஸ்டரிஸ்க் வாய்ஸ்மெயில் முந்திக்கொண்டு எடுத்துவிடும். சர்வரைப் பொறுத்தவரை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதால் கம்ப்யூட்டரில் மணி நின்றுவிடும். அவர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தும் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குள் போய்விடும்.

சிவப்பு நிறம் பாதிதான் கிடைக்கும். அவர் எண்ணுக்கு வந்த அழைப்பைத் தூண் ஃபோனில் எடுத்தால் சர்வர் வழியாக வந்ததால் அதற்குத் தெரிய வாய்ப்புண்டு. ஒரு தூண் ஃபோனிலிருந்து இன்னொரு தூண் ஃபோனுக்குப் பேசினால் அது ஆஸ்டரிஸ்குக்குள்ளேயே முடிந்துவிடும், சர்வருக்குச் சேதியே போகாது. இருக்கும் நிலையைக் காட்டுவது ரிஜிஸ்டர் ஆன சாதனத்தோடு கட்டுண்டது. உங்கள் ஃபோன் ரிஜிஸ்டர் ஆகவில்லை என்பதன் உண்மையான விலை இதுதான். மேலாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் ஏன் என்று கேட்க வைக்காதீர்கள்.

நீங்கள் முதல் பதிவில் எழுதிய அவசர அழைப்பு மனதிலேயே நிற்கிறது. அதற்காக ஒன்று செய்யுங்கள். தூண் ஃபோனிலிருந்து போகும் அவசர எண் மீடியேஷன் சர்வரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். வெளி லைன் கேட்வே ஒன்றை ஆஸ்டரிஸ்கிலேயே நேராக இணைத்து, அவசர எண்ணை முதலில் அந்த வழியாகவும் அது இல்லாவிட்டால் டிரங்க் வழியாகவும் அனுப்புங்கள். சர்வரை மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் இரவிலும் கிடங்கில் ஆள் இருப்பார்கள். ஃபோன்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பிஓஇ சுவிட்சும், ஆஸ்டரிஸ்க் ஓடும் மெஷினும் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

---

வெள்ளி_மாலை எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஸ்கைப் ஃபார் பிசினஸ் சர்வர் 2019-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2015-க்கும் அதே தேதிதான். இனி இதே சர்வரின் சந்தாப் பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன், அல்லது டீம்ஸ். டீம்ஸ் பக்கம் எஸ்ஐபி கேட்வே என்று ஒரு சேவை இருக்கிறது, பழைய எஸ்ஐபி ஃபோன்களை நேராகச் சேர்க்கலாம். இத்தனை கஷ்டம் எதற்கு?

---

மணியோசை எழுதியது:

நல்ல நேரத்தில் நினைவுபடுத்தினீர்கள், ஆதரவு முடிந்த சர்வரை அப்படியே ஓட்டக் கூடாது. 2019-இலிருந்து சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு இருக்கும் சர்வரிலேயே மேம்படுத்தலாம், டிரங்க் அமைப்பும் அப்படியே நிற்கும். கிடங்கு_கம்பி தம்பி, இதை உங்கள் வேலைப் பட்டியலின் மேலே வையுங்கள்.

டீம்ஸ் எஸ்ஐபி கேட்வே உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் 'எந்த எஸ்ஐபி ஃபோனும்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிஸ்கோ, பாலி, யீலிங்க், ஆடியோகோட்ஸ் என்று குறிப்பிட்ட தயாரிப்பாளர்களின் குறிப்பிட்ட மாடல்கள் மட்டும். ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்து, கேட்வேயின் புரொவிஷனிங் முகவரியைக் கொடுத்தால் அமைப்பு அங்கிருந்து இறங்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஃபோனில் அடிக்கும் வேலை இல்லை. திரையில் வரும் குறியீட்டை பிரவுசரில் போட்டு உள்நுழைய வேண்டும். டீம்ஸ் ஃபோன் உரிமம் தேவை. பொது இடத்து ஃபோனுக்குப் பகிர்வு சாதன உரிமம் உண்டு. பட்டியலில் உங்கள் மாடல் இருந்து, கிடங்கிலிருந்து இணையத்துக்கு நம்பகமான இணைப்பும் இருந்தால் யோசிக்கலாம். இணையம் போனால் அந்த ஃபோன்களும் போகும். உங்களிடம் அடிபட்டவருக்காக உதவி கேட்கும் ஃபோன்கள் இருப்பதால் நான் உள்ளூர் ஆஸ்டரிஸ்கை விடச் சொல்ல மாட்டேன். டீம்ஸுக்கே போனாலும், சான்று பெற்ற எஸ்பிசி (நெட்வொர்க் எல்லையில் நிற்கும் அழைப்புப் பெட்டி) ஒன்றை வைத்து டைரக்ட் ரூட்டிங்கோடு (டீம்ஸைச் சொந்த ஃபோன் அமைப்போடு இணைக்கும் வழி) இதே ஆஸ்டரிஸ்கைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது செய்யும் வேலை வீணாகாது.

---

கிடங்கு_கம்பி எழுதியது:

கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 30-ஐ ஒட்டித்தான் விழுந்தது. தூண் ஃபோன்களில் டைரக்ட் மீடியா இயங்கிக்கொண்டிருந்தது. எல்லா எண்ட்பாயிண்டிலும் அணைத்தேன், நீண்ட அழைப்புகள் இப்போது நிற்கின்றன. ஆர்டிசிபி சோதனையைத் தொடவில்லை.

அவசர எண்ணுக்குப் பழைய பிபிஎக்ஸில் இருந்த அனலாக் கேட்வேயையே ஆஸ்டரிஸ்கில் சேர்த்துவிட்டேன். டிரங்கை நிறுத்தி வைத்துவிட்டு, முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கி, கிடங்கின் கடைசித் தூணிலிருந்து அழைத்துப் பார்த்தோம். போனது. பிஓஇ சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்கு வாங்கல் கோரிக்கை போட்டிருக்கிறேன். சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் மேம்பாட்டுக்கும் தேதி கேட்டிருக்கிறேன். மேம்படுத்தும்போது டிரங்கில் ஏதாவது மாறினால் இங்கேயே எழுதுகிறேன்.